கறுப்பு ஃபிலிமில் வெள்ளைக் கோடு

அன்று கடையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, மாமா, கடைக்காரர், கடைக்காரரின் சாம்பல் நிறப் பூனை, சந்தேகம்.

சந்தேகம் என்பது ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

பூங்காவுக்குப் புதிய சறுக்குமரம் வந்தபோது மற்ற பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். இவள் முதலில் தன் பையைச் சறுக்கவிட்டாள். கீழே வந்து சேர்ந்த பையில் நீளமாக ஒரு கிழிசல். வழியில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் சறுக்கிய பையன் அன்று சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு மாமா வைத்த பெயர்தான் சந்தேகம். அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கொஞ்சம் பெருமைதான்.

அம்மாவின் மடியில் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளங்கை அளவுதான். அதற்குள் ஒரே ஒரு ஃபிலிம் சுருள். புரொஜெக்டர் வாங்க வந்ததே அந்தச் சுருளுக்காகத்தான்.

விஷயம் இதுதான். அம்மாவும் மாமாவும் சிறுவர்களாக இருந்தபோது பள்ளி விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டம் நடந்தது. இரண்டு கால்களையும் சாக்குப்பைக்குள் விட்டுக்கொண்டு குதித்துக் குதித்துப் போக வேண்டும். இருவரும் போனார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆசிரியர், விழுந்து அழுத ஒரு சின்னப் பையனைத் தூக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது அண்ணனும் தங்கையும் கோட்டைத் தாண்டி நின்றார்கள். ஆசிரியர் யோசித்தார். அண்ணன் உயரமாக இருந்தான். பரிசை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அம்மா, "நான்தான் முதல்ல வந்தேன்" என்கிறாள். மாமா, "பரிசு யார்கிட்ட இருக்கு?" என்கிறார். அம்மாவின் கல்யாணப் புகைப்படம் ஒன்றில் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அது வாழ்த்து இல்லை.

அந்த ஓட்டத்தை அவர்களுடைய பெரியப்பா படம் எடுத்திருந்தார். அவரிடம் கேமரா இருந்தது. படத்தைச் சுவரில் காட்டும் புரொஜெக்டர் இல்லை. அதனால் சுருள் இத்தனை வருஷமும் ஒரு பெட்டியின் அடியில் கிடந்தது. போன வாரம் பெட்டியை ஒழித்தபோதுதான் மாமாவின் கையில் அகப்பட்டது.

மாமா கப்பலில் சமையல்காரர். அன்று சாயங்காலம் அவருக்கு ரயில். போனால் அடுத்த வருஷம்தான் திரும்பி வருவார். படத்தைக் கணினிக்கு மாற்றித் தரும் இடங்கள் உண்டு. ஆனால் அனுப்பி வாங்க வாரக்கணக்கில் ஆகும்.

"இன்னிக்கே பார்த்தாகணும்" என்றாள் அம்மா. "இல்லேன்னா இன்னும் ஒரு வருஷம் இவன் வாயை அடைக்க முடியாது."

கடையின் முன்பக்கம் முழுக்க மின்விசிறிகள், வானொலிப் பெட்டிகள், ஆளுக்கொரு நேரத்தைக் காட்டும் கடிகாரங்கள். பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. வாசலுக்குத் திரையாக ஒரு போர்வை. உள்ளே மேஜை, நாற்காலிகள், எதிரே வெள்ளைச் சுவர்.

கடைக்காரர் ஒரு புரொஜெக்டரை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து மேஜையில் வைத்தார். கறுப்பு நிறம். முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு.

"இது ராஜா சார்" என்றார் அப்பாவிடம். "கை வைக்கவே வேணாம். ஃபிலிம் நுனியை இந்த வாயில காட்டினாப் போதும். அதுவா இழுத்துக்கும், அதுவா ஓட்டும், அதுவா சுத்திக்கும்."

பொத்தானை அழுத்தினார். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் விழுந்தது. அப்பா விரல்களை நீட்டி அதில் ஒரு நாயைக் குரைக்கவைத்தார்.

"என்ன வெளிச்சம் பார்த்தீங்களா மச்சான்! ரைட், எடுத்துடலாம்."

அப்பா பேருந்து நடத்துநர். எங்கேயும் அதிக நேரம் நிற்கப் பிடிக்காது. பொருள் வாங்குவதும் அப்படித்தான். அப்பா வாங்கிய இஸ்திரிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது, சூடாகாது. ஒரு குடையும் இருக்கிறது. விரியும், மடங்காது. வாசல் வழியாக உள்ளே வராது என்பதால் அது பால்கனியில் குடியிருக்கிறது.

"அவசரப்படாதீங்க சார்" என்றார் கடைக்காரர். "ரேடியோ வாங்கறவங்க கேட்டுப் பார்த்துத்தான் வாங்குவாங்க. ரெக்கார்டு பிளேயர்னா அவங்கவங்க ரெக்கார்டைக் கொண்டுவந்து போட்டுப் பார்ப்பாங்க. நீங்களும் உங்க படத்தைப் போட்டுப் பாருங்க. பிடிச்சா எடுங்க. கடை திறந்த நாள்லேர்ந்து அதான் நம்ம வழக்கம்."

எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மா டப்பாவின் மூடியில் நகத்தைக் கொடுத்தாள்.

"அம்மா, திறக்காத" என்றாள் சந்தேகம்.

"வந்தாச்சுடா" என்றார் மாமா கூரையைப் பார்த்து.

"அங்கிள், இதுல கடைசியா எப்ப படம் ஓட்டினீங்க?"

"இன்னிக்குக் காலையிலகூட ஓட்டினேனே பாப்பா."

"ஃபிலிம் போட்டா?"

கடைக்காரர் காதைச் சொறிந்தார். "ஃபிலிம் எதுக்கு? லைட் எரியுதா, ஃபேன் சுத்துதான்னு பார்த்தேன். எல்லாம் சுத்துது."

"உள்ள ஒண்ணும் போடாம மிக்ஸியைச் சுத்தவிட்டா, அரைக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

மாமா கூரையிலிருந்து கண்ணை எடுத்தார். சமையலறை விஷயம் என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. "அது சரிதானே" என்றார்.

"அதுக்குத்தானே உங்க படத்தைப் போடச் சொல்றேன்?" என்றார் கடைக்காரர்.

"எங்ககிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. இது கிழிஞ்சு போச்சுன்னா உங்க கடையில வேற கிடைக்குமா?"

அம்மா டப்பாவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"கண்ணு, மாமாவுக்கு ரயில் இருக்கு" என்றார் அப்பா. "இந்த மனுஷனைப் பார்த்தா ஏமாத்தறவர் மாதிரியா இருக்கு?"

"அவர் ஏமாத்தலைப்பா. அவருக்கே தெரியலை. நமக்கும் தெரியலை. அவ்வளவுதான்."

சந்தேகம் அலமாரியைப் பார்த்தாள். மேல் தட்டில் கறுப்பாக ஒரு பெரிய சுருள் இருந்தது.

"அது என்ன படம் அங்கிள்?"

"அதுல படமே இல்லை. வெறும் கறுப்பு. படத்தோட தலையிலயும் வாலிலயும் ஒட்டறதுக்காக வெச்சிருக்கேன். நேத்துதான் பிரிச்சேன், புத்தம் புதுசு."

"கொஞ்சம் கிழிஞ்சாப் பரவாயில்லையா?"

"கிழிஞ்சா என்ன, வெட்டித் தூக்கிப் போடப் போறேன்."

"அப்ப அதை ஓட்டுங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஒண்ணுமே தெரியாது பாப்பா. சுவரு இருட்டா இருக்கும்."

"பரவாயில்லை, பார்க்கிறோம்."

"உங்க பொண்ணு பெரியவளானா என்ன ஆவா சார்?" என்று அப்பாவைக் கேட்டார்.

"டிக்கெட் பரிசோதகர்" என்றார் அப்பா. அது பாராட்டா என்று தெரியவில்லை.

கடைக்காரர் ஓர் ஆள் நீளத்துக்குக் கறுப்பு ஃபிலிமை வெட்டி நுனியை இயந்திரத்தின் வாயில் காட்டினார். சொன்னபடி அது தானாகவே இழுத்துக்கொண்டது. அறை இருண்டது. சுவரும் இருண்டது. ஐந்து பேர் ஒன்றுமில்லாத சுவரை உற்றுப் பார்த்தார்கள்.

"படம் நல்லாருக்கு" என்றார் மாமா. "கொஞ்சம் விறுவிறுப்பு பத்தலை."

அப்போது சுவரின் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தோன்றியது. தலைமுடி அளவுதான். மேலிருந்து கீழே, ஆடி ஆடி, ஃபிலிம் முடியும்வரை ஓடியது.

"என்னங்க அது, மழையா?" என்றாள் அம்மா.

"பழைய ஃபிலிம்னா அப்படித்தாங்க" என்றார் கடைக்காரர்.

"இப்பதானே புத்தம் புதுசுன்னு சொன்னீங்க?" என்றாள் சந்தேகம்.

கடைக்காரர் ஓடி முடித்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அதே துண்டை இன்னொரு தடவை விடுங்க அங்கிள்."

விட்டார். இந்த முறை சுவரில் இரண்டு கோடுகள் ஓடின. முதல் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று.

இயந்திரம் கறுப்பைக் கீறிய இடத்தில்தான் வெளிச்சம் கசிந்தது. கடைக்காரர் அறை விளக்கைப் போட்டு, இயந்திரத்தை நிறுத்தி, அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். பல்புக்கு முன்னால் ஃபிலிம் நழுவிப்போகும் குறுகிய இடுக்கு ஒன்று இருந்தது. அதில் ஒரு விரலை வைத்துத் தடவினார். கையை வெடுக்கென்று எடுத்தார்.

"ஏதோ இருக்கு" என்றார். "கல்லு மாதிரி கெட்டியா ஒட்டியிருக்கு. எள்ளு அளவுதான் இருக்கும்."

எள் அளவுதான். ஆனால் அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு அங்குலத்தையும் அது கீறியிருக்கும்.

மாமாவுக்கு இப்போதுதான் உறைத்தது. "நம்ம படத்தைப் போட்டிருந்தா என் மூஞ்சி நடுவுல கோடு விழுந்திருக்குமே!"

"உன் மூஞ்சி எப்படிப் போனா என்ன?" என்றாள் அம்மா. "முடிவுக் கோட்டுக்கிட்ட விழுந்திருந்தா? யார் ஜெயிச்சதுன்னே தெரியாமப் போயிருக்கும்."

கடைக்காரரின் முகம் சுருங்கிப்போயிருந்தது. "நான் வேணும்னு செய்யலைம்மா."

"தெரியும் அங்கிள்" என்றாள் சந்தேகம். "நீங்க லைட்டைப் பார்த்தீங்க. லைட் நல்லாத்தான் இருக்கு."

அவர் அதற்குத் தலையாட்டினார். மறுபடியும் குனிந்து இடுக்கைப் பார்த்தார்.

"இதைச் சுரண்டினா இன்னும் சொரசொரப்பாயிடும். பொறுமையா தேய்ச்சு எடுக்கணும். நாளன்னைக்கு வந்தீங்கன்னா..."

"நாளன்னைக்கு நான் நடுக்கடல்ல உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருப்பேன்" என்றார் மாமா.

அப்பா கடைசி நிறுத்தம் வந்துவிட்டதுபோல நாற்காலியில் சாய்ந்தார்.

சந்தேகம் மட்டும் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே இன்னொன்று இருந்தது. சாம்பல் நிறம். ஒரு மூலை நசுங்கியிருந்தது. கைப்பிடி இருந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தது. பூனை அதன் மேல் படுத்திருந்தது.

"இது என்ன?"

"அதுவும் புரொஜெக்டர்தான். அது வேணாம் பாப்பா. தானா இழுக்காது, ஒவ்வொரு தடவையும் கையால மாட்டணும். சத்தம் வேற. பார்க்கவும் லட்சணமா இல்லை."

"நாங்க அதைப் பார்க்கப் போறதில்லையே. படத்தைத்தானே பார்க்கப் போறோம்?"

பூனையை இறக்கிவிட்டு அதை மேலே தூக்கி வைத்தார்கள். கடைக்காரர் முதலில் அதன் இடுக்கில் விரலை வைத்துத் தடவினார். பிறகு சந்தேகத்தைப் பார்த்தார். அவள் சொல்லாமலே கறுப்புச் சுருளிலிருந்து புதிதாக ஒரு துண்டை வெட்டினார். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் தளர்வாக விட்டு, ஃபிலிமைக் கையாலேயே மாட்டினார்.

தையல் மெஷின் போலத் தடதடவென்று சத்தம் கிளம்பியது. சுவர் இருண்டது. இருண்டபடியே இருந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாவது தெரியுதா?" என்றார் அப்பா.

"ஒண்ணும் தெரியலை."

"எனக்கும் தெரியலை."

"அருமை!" என்றார் மாமா. எல்லாரும் கைதட்டினார்கள். காலியான இருட்டுச் சுவருக்கு இப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன் கிடைத்திருக்காது.

"ரைட்" என்று அப்பா எழுந்தார்.

"இருங்கப்பா. ஃபிலிம் எங்க போச்சு?"

கடைக்காரர் விளக்கைப் போட்டார். ஓடி முடித்த ஃபிலிம் பின்பக்கச் சக்கரத்தில் சுற்றியிருக்க வேண்டும். அந்தச் சக்கரம் அசையாமல் நின்றது. ஃபிலிம் மொத்தமும் தரையில் குவிந்து கிடந்தது. பூனை அதற்குள் புகுந்து நான்கு கால்களாலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அப்பா மறுபடியும் உட்கார்ந்தார். "அவ்வளவுதான். வீட்டுக்குப் போவோம்."

சந்தேகம் பூனையிடமிருந்து ஃபிலிமைப் பிடுங்கி, விளக்குக்கு எதிரே நீட்டிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். ஓர் இடத்தில் இரண்டு குட்டிப் புள்ளிகள் இருந்தன.

"இது பூனையோட பல்லு" என்றாள். "மெஷின் ஒண்ணும் பண்ணலை. ஒரு கீறல்கூட இல்லை. சுத்தற சக்கரம் மட்டும்தான் சுத்தலை. ஏன் சுத்தலை அங்கிள்?"

கடைக்காரர் பின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த ரப்பர் பட்டை பழைய பைஜாமாவின் எலாஸ்டிக் போலத் தொங்கியது. அதைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இது என்கிட்ட இருக்கு. ஒரு டப்பா நிறைய இருக்கு" என்று முன்பக்கம் ஓடினார். இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. புதிய பட்டையோடு திரும்பி வந்து மாட்டினார்.

மறுபடியும் ஒரு புதுத் துண்டு. மறுபடியும் தடதட. சுவரில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. பின் சக்கரம் ஃபிலிமை ஒழுங்காகச் சுற்றி வைத்துக்கொண்டது. அதே துண்டை இன்னொரு முறை ஓட்டினார்கள். மாமா இன்னொரு முறை என்றார். ஒரு கோடும் இல்லை.

"இப்ப உங்க படத்தைப் போடட்டுமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"வேணாங்க, இவன் தோத்ததை வீட்லயே வெச்சுப் பார்த்துக்கறோம்" என்றாள் அம்மா.

அவர்கள் கிளம்பும்போது கடைக்காரர் ராஜாவை ஒரு துணியால் போர்த்தி அறையின் மூலையில் வைத்தார். கறுப்புச் சுருளை மேல் தட்டிலிருந்து எடுத்து, கை எட்டும் தூரத்தில் மேஜை மேல் வைத்துக்கொண்டார்.

வீட்டில் ஜன்னல்களை எல்லாம் போர்வையால் மூடினார்கள். சுவரில் மாட்டியிருந்த படங்களைக் கழற்றினார்கள். அப்பா புரொஜெக்டரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அம்மா டப்பாவைத் திறந்தாள். ஃபிலிமின் நுனியைச் சந்தேகம்தான் மாட்டினாள். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம்.

சுவரில் ஒரு மைதானம் வந்தது. நிறம் வெளுத்துப் புல்லெல்லாம் பழுப்பாக இருந்தது. சத்தம் இல்லாத படம். சாக்குக்குள் நின்றுகொண்டு பிள்ளைகள் வரிசையாக ஆடினார்கள். ஒருவன் எல்லாரையும்விட உயரம். அவனுக்குப் பக்கத்தில், சாக்குக்கு மேலே தலையும் தோளும் மட்டும் தெரிய, ஒரு சின்னப் பெண்.

"நீயா அது?" என்றார் மாமா. "இவ்வளவு குட்டியாவா இருந்தே?"

"வாயை மூடிட்டுப் பாரு."

யாரோ விசில் ஊதினார்கள். எல்லாரும் குதித்தார்கள். உயரப் பையன் முன்னால் போனான். நன்றாகவே முன்னால் போனான். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிவுக் கோடு வந்தது. அதற்குச் சற்று முன்னால் பையன் திரும்பி, தங்கையைப் பார்த்து நாக்கை நீளமாக நீட்டினான். நாக்கு உள்ளே போவதற்குள் அவன் குப்புற விழுந்தான்.

பின்னால் குதித்து வந்த சின்னப் பெண்ணால் நிற்க முடியவில்லை. அவன் மேல் இடித்தாள், அவனைத் தாண்டி விழுந்தாள், சாக்கோடு உருண்டாள். உருண்டுகொண்டே கோட்டைத் தாண்டிப் போனாள். அதற்குப் பிறகுதான் பையன் எழுந்து ஒரே குதியாகக் கோட்டைத் தாண்டினான்.

சுவர் வெள்ளையானது.

அம்மா நாற்காலி மேல் ஏறி நின்றாள். "பார்த்தீங்களா? எல்லாரும் பார்த்தீங்களா?"

"உருண்டே போயிருக்கா!" என்று மாமா கத்தினார். "மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க. உருளறது ஓட்டமா?"

"குதிக்கிறது மட்டும் ஓட்டமா?" என்றாள் அம்மா.

"அம்மா" என்றாள் சந்தேகம், "நீ உருண்டேன்னு இதுவரைக்கும் சொன்னதே இல்லையே?"

"யாரும் கேக்கலை."

"இன்னொரு தடவை போடு" என்றார் மாமா.

சந்தேகம் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றினாள். ஜன்னல் போர்வையைக் கொஞ்சம் விலக்கி, வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். கீறல் இல்லை. கிழிசல் இல்லை.

"நல்லாருக்கு. எத்தனை தடவை வேணும்னாலும் பார்க்கலாம்."

இன்னொரு தடவை பார்த்தார்கள். நாக்கு வந்த இடத்தில் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அதற்கு அடுத்த தடவை அவரும் சேர்ந்து சிரித்தார்.

"அங்க நிறுத்து, அங்க! கோடு எங்க இருக்குன்னு பார்க்கணும்."

"நிறுத்தக் கூடாது மாமா. பல்பு சூட்டுல ஃபிலிம் உருகிடும். மறுபடி முதல்லேர்ந்து ஓட்டறேன்."

அதற்குள் கீழே தெருவில் வண்டியின் ஹாரன் கேட்டது. மாமாவை ரயிலேற்றிவிட்டு வர, அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். மாமா வாசல்வரை வந்துவிட்டு நின்றார்.

"நீ சொல்லு சந்தேகம். பார்த்ததை அப்படியே சொல்லு. யாரு முதல்ல?"

அவள் யோசித்தாள். "அம்மாதான் முதல்ல. ஆனா உருண்டு."

"அந்த 'ஆனா' இருக்கே, அது எனக்குப் போதும்!" என்று மாமா அவள் தலையைக் கலைத்தார். "அடுத்த வருஷம் வந்து மறுபடியும் பார்ப்பேன். அதுவரைக்கும் அந்த மெஷினை யாருக்கும் கொடுத்துடாதீங்க."

"கொடுக்க மாட்டேன்" என்றாள் அம்மா. "தெருவுல இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு, நீ நாக்கை நீட்டறதை வாராவாரம் போட்டுக் காட்டப் போறேன். போ, ரயிலை விட்டுடுவே."

"எல்லாம் சரி, உருண்டது மட்டும்..."

"போண்ணா!"

அம்மா அவரை முதுகில் கை வைத்துத் தள்ளிப் படியில் விட்டாள். பாதிப் படியிலிருந்து மாமாவின் குரல் மேலே ஏறி வந்தது: "உருண்டது கணக்குல வராது!"

அம்மா கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியையும் முழுசாக ஒரு சுற்றுத் திருப்பினாள்.